'இதே மாதிரி இன்னொரு படம்' தேடுபவர்களுக்கு

போன வாரம் அக்கா மகன் 'இன்டச்சபிள்ஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "மாமா, செம படம். இதே மாதிரி நாலு படம் எடுத்து வச்சிருக்கேன்" என்று பட்டியலை வாசித்தான். நாலிலும் சக்கர நாற்காலி. பல வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து. இப்படித் தேடும்போது செய்கிற தவறுகளின் பட்டியல் இது.

'அன்டச்சபிள்ஸ்' என்று தேடி, 1987இல் வந்த சிகாகோ தாதா படத்தில் போய் மாட்டிக்கொள்வதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கதையை வைத்துத் தேடுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத தவறு. ஒலிவியே நக்காஷும் எரிக் தோலெதானோவும் 2011இல் எடுத்த படத்தின் கதை இவ்வளவுதான்: கழுத்துக்குக் கீழே அசைவில்லாத பாரிஸ் பணக்காரர் பிலிப், அவரைப் பார்த்துக்கொள்ள வரும் திரிஸ். நான் என்ன செய்தேன்? பாரிஸ், முடக்கம், பணிவிடை, செவ்வியல் இசை என்று அடையாளம் வைத்துத் தேடினேன். ஒரு பட்டியலில் 'அமூர்' வந்தது. நாலும் பொருந்துகிறது, 2012இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வாங்கிய படம், வேறென்ன வேண்டும் என்று ஞாயிறு ராத்திரி அம்மாவையும் பெரியம்மாவையும் உட்கார வைத்துப் போட்டேன்.

தொடக்கத்திலேயே தீயணைப்பு வீரர்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறார்கள். கட்டிலில் பூக்களுக்கு நடுவே ஒரு மூதாட்டியின் சடலம். சரி, இனிமேல் சிரிப்பு வரும் என்று காத்திருந்தோம். பக்கவாதத்தில் விழுந்த பெரியப்பாவை மூன்று வருடம் பார்த்துக்கொண்டவர் பெரியம்மா. பாதியில் எழுந்து போனவர், அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். 'அமூர்' அற்புதமான படம்தான். அதை அன்றைக்குப் போட்டவனுக்குத்தான் புத்தி இல்லை.

'இன்டச்சபிள்ஸ்' நமக்குப் பிடித்தது நாற்காலியால் அல்ல. திரிஸை ஏன் வேலைக்கு வைத்திருக்கிறாய் என்று கேட்கும் நண்பரிடம் பிலிப் ஒரு காரணம் சொல்வார்: போன் வந்தால் அதை என் பக்கம் நீட்டுகிறான், என்னால் வாங்க முடியாது என்பதையே மறந்துவிடுகிறான். பரிதாபம் கலக்காத அந்தக் கேலிதான் படம். அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அதே இயக்குநர்கள் 2017இல் எடுத்த 'செ லா வி'யில் நோயாளியே கிடையாது. பழைய கோட்டை ஒன்றில் ஒரே ஒரு கல்யாண ராத்திரி, எல்லாமே சொதப்பும் பணியாளர்கள், நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் கான்ட்ராக்டர். பலூனில் கட்டிய மாப்பிள்ளை வானத்தில் மிதந்து போகும்போது பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பந்தி நடத்திப் பார்த்த எவருக்கும் அந்தக் கான்ட்ராக்டரைப் புரியும்.

இதே இருவரின் 'தி ஸ்பெஷல்ஸ்' (2019) ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றியது. கொஞ்சம் கனம் கூடுதல், ஆனால் கேலி அதே கேலி.

ரீமேக்குகளை வரிசையாகப் பார்ப்பது

நம்மூர் 'தோழா' (2016), ஹாலிவுட்டின் 'தி அப்சைட்', அர்ஜென்டினாவில் ஒன்று. 'தோழா'வில் கார்த்திக்காக ஒருமுறை உட்காரலாம். மற்றபடி முடிவு தெரிந்த கதையை நாலு மொழியில் கேட்பதற்கு, மூலப் படத்தையே இரண்டாம் முறை பார்ப்பது மேல்.

நடிகரைப் பின்தொடர்வது

திரிஸாக நடித்த ஓமர் சீயைப் பிடித்துக்கொண்டே போனால் டைனோசர் படத்தில் போய் நிற்பீர்கள். 'சாம்பா'வோடு (2014) நிறுத்திக்கொள்ளவும்.

ஆங்கில டப்பிங்

கூடாது.

போஸ்டரை நம்புவது

'எ மேன் கால்டு ஓவ்' (2015) ஸ்வீடன் படம். சிடுமூஞ்சிக் கிழவர், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் ஈரானியப் பெண், ஒரு பூனை என்று போஸ்டரைப் பார்த்தால் குடும்பத்தோடு பார்க்கலாம் போலத்தான் இருக்கும். பார்க்கலாம்தான், நாம் தேடும் அதே ருசி. ஆனால் மனைவியை இழந்த அந்த மனிதர் படம் முழுக்கத் திரும்பத் திரும்பத் தற்கொலைக்கு முயல்கிறார். போஸ்டரில் அது இல்லை. இந்த முறை முதலில் நான் தனியாகப் பார்த்தேன். அப்புறம் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, போடலாமா என்று கேட்டேன். "பூனைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார்.