பல் செட் குத்தினால் ராவுவதற்கு முன் கடியைப் பாருங்கள்

"கீழ்ப் பல் குத்துது, கொஞ்சம் ராவி விடுங்க." புதிதாகப் பல் செட் போட்ட பெரியவர்கள் கிளினிக்குக்குத் திரும்பி வந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். ராவிக் கொடுத்தால் இரண்டு நாள் தேவலை. அப்புறம் அதே இடமோ பக்கத்து இடமோ மறுபடி புண்ணாகும். பல நேரம் கோளாறு ஈறின் மேல் உட்காரும் அடிப்பாகத்தில் இருக்காது, மேல் செட்டும் கீழ் செட்டும் சந்திக்கும் கடியில்தான் இருக்கும். ஒரு கடைவாய்ப் பல் மட்டும் மற்றப் பற்களுக்கு முந்திக்கொண்டு முட்டினால், செட் அங்கிருந்து சறுக்கும், இல்லையென்றால் ஒரு பக்கம் தூக்கும். அந்த உரசலை ஈறு வாங்கிக்கொள்கிறது. ஆகவே புண் ஒரு பக்கம் இருக்கும், பிழை வேறு பக்கம் இருக்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீட்டுப் பெரியவர்களைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போகிறவர்கள் எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம். மேலும் கீழும் பல்லே இல்லாதவர்களுக்கான முழு செட்டைப் பற்றித்தான் பேச்சு.

விரலால் ஒரு சோதனை

ஏற்கெனவே செட் இருந்து வலிக்கிறது என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். கையைக் கழுவிவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கீழ் செட்டின் இடது, வலது கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து நேராகக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். விரலால் அழுத்தும்போதே வலி வந்தால் அடிப்பாகத்தில் கோளாறு: மேடு, சொரசொரப்பு, நீண்டுபோன ஓரம். விரலால் அழுத்தும்போது வலிக்காமல், பல்லைக் கடித்தால் மட்டும் வலித்தால் கடியைச் சந்தேகப்பட வேண்டும். மருத்துவரிடம் போகும்போது இந்த விவரத்தைச் சொன்னால் அவர் எங்கே தேடத் தொடங்குவது என்பது தெளிவாகிவிடும்.

புண் இருக்கும் இடமும் துப்புக் கொடுக்கும். கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில் கோடு போட்டாற்போல் புண் இருந்தால் செட்டின் ஓரம் நீளம், அங்கே ராவுவது சரிதான். பல் இருந்த கீழ்த்தாடை மேட்டின் நாக்குப் பக்கச் சரிவில் இருந்தால் கடிக்கும்போது செட் பக்கவாட்டில் நகர்கிறது என்று பொருள். ஈறு முழுக்க எரிச்சல், சாயங்காலம் தாடை அசதி, பேசும்போது பல்லும் பல்லும் டக்டக்கென்று அடிப்பது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் கடி உயரம், அதாவது கடித்திருக்கும்போது மூக்குக்கும் முகவாய்க்கும் உள்ள தூரம், கூடிவிட்டது. வாயோரம் ஈரமாகி வெடிப்பது, முகவாய் மூக்கை நெருங்குவது என்றால் உயரம் குறைந்துவிட்டது. கன்னத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களைத் தாண்டி வெளியே போதுமான அளவு தள்ளியில்லை.

மேல் செட் சும்மா இருக்கும்போது ஒட்டிக்கொண்டு, மெல்லும்போது மட்டும் விழுகிறதா? கடியைப் பாருங்கள். வாயை அகலத் திறந்தாலே விழுகிறதா? செட்டின் ஓரங்களையும் அண்ணத்தின் பின் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

அளவு எடுப்பதற்கு முன்

பல் பிடுங்கிய புண் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். எலும்பு மட்டும் முதல் சில மாதங்களில் வேகமாகக் கரையும், பிறகு ஆயுள் முழுக்க மெதுவாகக் கரைந்துகொண்டே போகும். தால்கிரென் என்ற ஆய்வாளர் பல் செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து அளந்து 1972-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கத்தில் கீழ்த்தாடை மேட்டின் உயரம் மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு குறைந்திருந்தது. கீழ் செட்தான் எப்போதும் தொந்தரவு என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அண்ணம் முழுவதும் படர்ந்து ஒட்டிக்கொள்ளும் வசதி கீழே கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது.

பழைய செட் போட்டிருப்பவர்கள் அளவு கொடுக்கும் நாளுக்கு முன் குறைந்தது 24 மணி நேரமாவது அதைக் கழற்றி வைக்க வேண்டும். பழைய செட் அழுத்தி நசுக்கிய ஈற்றையே அளவெடுத்தால், புதிய செட்டும் அந்த நசுங்கலுக்குத்தான் பொருந்தும். ஆனால் பழைய செட்டை, உடைந்திருந்தாலும், கையோடு கொண்டு போங்கள். எந்த உயரத்துக்கு வாய் பழகியிருக்கிறது, பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அதில் தெரியும்.

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தால் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் அளவு, இறுதி அளவு, கடி எடுப்பது, மெழுகில் பார்ப்பது, போடுவது என்று ஐந்து முறையாவது போக வேண்டும். போட்ட பிறகும் சாப்பிடப் பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். விழாவுக்கு முந்தின நாள் கையில் வாங்கிய செட் போட்டோவுக்கு உதவும், பந்திக்கு உதவாது.

கடி எடுக்கும் நாள்

ஐந்தில் இதுதான் முக்கியமான நாள். தூக்கம் கெட்ட மறுநாளோ, வெயிலில் பஸ் மாறி வந்த களைப்போடோ வேண்டாம். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். தாடைத் தசை இறுகியிருந்தால் அளவு பொய் சொல்லும்.

அன்றைக்கு மருத்துவர் பல்லுக்குப் பதிலாக மெழுகு வரம்பு வைத்த தற்காலிக அச்சுகளை வாயில் வைப்பார். முதலில் உயரம். பெரியவரை நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கு நுனியில் ஒரு புள்ளி, முகவாயில் ஒரு புள்ளி வைப்பார். "அம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டு உதட்டை லேசாக மூடி அப்படியே விடச் சொல்வார். அந்த நிலையில் இரு புள்ளிகளுக்கும் உள்ள தூரம் ஓய்வு உயரம். பிறகு மெழுகு வரம்புகள் சந்திக்கும்படி மூடச் சொல்லி மறுபடி அளப்பார். இரண்டாவது அளவு முதல் அளவைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் தசைக்கு ஓய்வே கிடைக்காது. நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது மாதிரி ஆகிவிடும். முகச் சுருக்கத்தை மறைக்க "கொஞ்சம் உயரமா வைங்க" என்று வீட்டார் கேட்பதுண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். சுருக்கம் மறையும், சாப்பிட முடியாது.

அடுத்தது தாடையின் இடம். பல் இல்லாமல் பல ஆண்டுகள் முன்பக்க ஈறாலேயே மென்றவர்கள் கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடிக்கப் பழகியிருப்பார்கள். ஒரே பக்கம் வெற்றிலை அதக்கியவர்களுக்குத் தாடை அந்தப் பக்கம் ஒதுங்குவதும் உண்டு. அந்தப் பழக்க இடத்தில் கடி எடுத்தால், செட் வந்த சில வாரத்தில் தாடை தன் இயல்பான இடத்துக்குத் திரும்பும்போது மேலும் கீழும் பொருந்தாமல் போய்விடும். நாக்கின் நுனியை அண்ணத்தின் பின்பக்கம் மடித்து வைத்துக்கொண்டே மெதுவாக மூடச் சொன்னால் தாடை பின்னுக்குப் போகும். மூன்று தடவை மூடினால் மூன்று தடவையும் மெழுகு அதே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் சந்தித்தால், "இன்னொரு நாள் பார்ப்போம்" என்று நிறுத்தும் மருத்துவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

தாடை மூட்டிலிருந்து மேல்தாடை எங்கே இருக்கிறது என்று அளக்கும் ஃபேஸ்போ என்ற கருவி வைத்து அளந்தால்தான் நல்ல செட் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2005-இல் கனடாவின் மாண்ட்ரியலில் இருந்து வெளிவந்த ஆய்வில், ஃபேஸ்போ இல்லாத எளிய முறையில் செய்த செட்டுக்கும் முழுச் சடங்கோடு செய்த செட்டுக்கும் நோயாளிகளின் திருப்தியில் வேறுபாடு தெரியவில்லை. கருவியைவிட உயரமும் தாடையின் இடமும் சரியாக எடுக்கப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மெழுகில் பார்க்கும்போது

பற்கள் மெழுகில் அடுக்கப்பட்டு வரும். மாற்ற வேண்டியதையெல்லாம் இங்கேயே மாற்றிவிட வேண்டும், அக்ரிலிக் பிளாஸ்டிக்காக ஆன பிறகு முடியாது. "விவசாயம்", "வைகாசி" என்று சொல்லச் சொல்லுங்கள். வகரம் வரும்போது மேல் முன்பற்களின் விளிம்பு கீழ் உதட்டின் ஈரமும் காய்ந்த இடமும் சேரும் கோட்டை லேசாகத் தொட வேண்டும். "சரஸ்வதி" என்று சொல்லும்போது மேல் கீழ் முன்பற்கள் மிக நெருங்க வேண்டும், ஆனால் முட்டக் கூடாது. முட்டிச் சத்தம் வந்தால் உயரம் கூடுதல். முகத்தின் நடுக்கோடு, சிரித்தால் தெரியும் பல்லின் அளவு, நிறம் ஆகியவற்றைச் செட் போடப்போகிறவரே கண்ணாடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். கூட வந்த மகனோ மருமகளோ அல்ல.

கடைவாய்ப் பல்லுக்கு மேடுள்ள வகையா, தட்டையானதா என்பதையும் இங்கே கேளுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் தொடும் சமன்கடிக்கு ஹனாவ் என்பவர் 1926-இலேயே ஐந்து காரணிகளை வகுத்தார். அந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2007-இல் பிரிட்டனில் இருந்து வந்த ஒப்பீட்டு ஆய்வில், தட்டைப் பல் வைத்தவர்களுக்குச் சாப்பிடுவதில் அதிகச் சிரமம் இருந்தது. மேல் பல்லின் உள்மேடு மட்டும் கீழ்ப் பல்லின் குழியில் இறங்கும் அமைப்பு, எலும்பு மேடு கரைந்த தாடைக்கும் நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து.

போட்ட பிறகு திருத்துவது

அக்ரிலிக் வேகும்போது சிறிது சுருங்கும், பற்கள் இம்மியளவு நகரும். ஆகவே மெழுகில் கச்சிதமாக இருந்த கடி போடும் நாளில் அப்படியே இருக்காது. இது யாருடைய தவறும் இல்லை, திருத்துவதும் வேலையின் ஒரு பகுதி. கார்பன் தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னால் மட்டும் போதாது. ஈறு மெத்தென்று இருப்பதால் செட் நகர்ந்து பொய்க் குறி விழும். புதிதாக ஒரு கடி எடுத்து, செட்டைத் தாடை போல அசையும் ஆர்டிகுலேட்டர் கருவியில் ஏற்றி அங்கே ராவுவது நம்பகமானது, இதற்கு ரீமவுண்ட் என்று பெயர். "ரீமவுண்ட் செய்வீர்களா?" என்று கேட்கலாம், தப்பில்லை.

ராவுவதற்கும் முறை உண்டு. நேராக மூடும்போது முந்தி முட்டினால் எதிரே உள்ள குழியை ஆழமாக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தும்போது அந்தப் பக்கத்துப் பற்கள் இடித்தால் மேல் பல்லின் கன்னப் பக்க மேட்டையும் கீழ்ப் பல்லின் நாக்குப் பக்க மேட்டையும் ராவ வேண்டும். மேல் பல்லின் உள்மேடும் கீழ்ப் பல்லின் வெளிமேடும்தான் உயரத்தைத் தாங்குகின்றன. அவற்றைத் தேய்த்தால் உயரமே இறங்கிவிடும். வீட்டில் அரத்தையோ உப்புத்தாளையோ எடுக்காதீர்கள்.

மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை காட்டுங்கள். வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு வெறும் வாயோடு வந்தால் சிவப்புத் தடம் மறைந்திருக்கும். காட்டும் நாளில் காலையிலிருந்து போட்டுக்கொண்டே வாருங்கள்.

சாப்பாடு

முழு செட்டின் கடி வலு சொந்தப் பல்லில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான். அதற்கேற்ப ஏற வேண்டும். முதல் சில நாள் கும்மாயம், பால் பணியாரம், பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த ரசம் சாதம். அடுத்து வெள்ளைப் பணியாரம், வெந்த காய். கறி வேண்டுமென்றால் வறுவலுக்கு முன் கோலா உருண்டையில் தொடங்குங்கள். கொத்திய கறி என்பதால் இழுத்துக் கடிக்க வேண்டியதில்லை. மாவுருண்டை மெதுவாக இருந்தாலும் மாவு செட்டுக்கு அடியில் போய் உறுத்தும். சாப்பிட்டவுடன் கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். தேன்குழலையும் சீப்புச் சீடையையும் முன்பல்லால் ஒடித்தால் மேல் செட் பின்பக்கம் பெயர்ந்துவிடும். கையால் நொறுக்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஒரே நேரத்தில் மெல்ல வேண்டும். ஒரு பக்கமே மெல்வது சொந்தப் பல்லுக்குச் சரி, செட்டுக்கு ஆகாது.

நாக்கு நுனி கீழ் முன்பல்லின் பின்புறம் தொட்டபடி இருக்கட்டும். நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்பவர்களுக்குக் கீழ் செட் மிதக்கும்.

கழுவுவதும் ராத்திரியும்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்தால் செட் இரண்டாகிவிடும். வாஷ்பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பியோ மடித்த துண்டை விரித்தோ அதன் மேல் வைத்துத்தான் கழுவ வேண்டும். மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு போதும். பற்பசை, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் கீறலை உண்டாக்கும், கீறலில் வெற்றிலைக் கறை ஏறும். கொதிக்கும் தண்ணீர் செட்டைக் கோணலாக்கிவிடும், கடியும் அதோடு போய்விடும்.

ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். 85 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஜப்பானில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

தளர்ந்தால் பஞ்சு, துணி வைக்காதீர்கள். ஒட்டும் பசை பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு போதும். குழாய் குழாயாகத் தேவைப்பட்டால் செட்டுக்கு உள்பூச்சு மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை காட்டினால் இதை முன்கூட்டியே பிடித்துவிடலாம். எல்லாம் சரியாகச் செய்தும் கீழ் செட் நிற்காதவர்களுக்கு, முன்பக்கம் எலும்பில் பதிக்கும் இரண்டு இம்பிளாண்ட் வைத்து அதில் செட்டை மாட்டும் வழி இருக்கிறது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள்.

செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால், வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவராக இருந்தால் இன்னும் அவசரமாக, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ அருகில் உள்ள வாய் நோய் மருத்துவரிடமோ போய்ச் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) தேவையா என்று கேளுங்கள். அந்தப் புண்ணுக்குச் செட்டை ராவிக்கொண்டிருக்கக் கூடாது.