நூறு குரலில் ஒரு குரல்: பெரிய கொயரில் பாடுவது எப்படி

ஆராதனையில் பெரிய கொயர், அதாவது பாடகர் குழு, பாடும்போது ஒரு கணம் வரும். மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு பார்ட்டும் (குரல் பகுதியும்) ஒரே ஹார்மனியில் வந்து சேர்ந்து நிற்கும். வாய் திறந்திருக்கிறது, மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, ஆனாலும் அதில் உங்கள் குரல் எது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல வராது. நெஞ்செலும்பு அதிரும், அந்த அதிர்வு உங்களுடையதா, பக்கத்தில் நிற்பவருடையதா என்று தெரியாது. கொயரில் பாடும் சந்தோஷம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தனியாகப் பாடுகிறவருக்கு எத்தனை நல்ல சாரீரம் இருந்தாலும் இது கிடைக்காது.

அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூச்சு, உச்சரிப்பு, ஸ்ருதி, கண் இந்த நாலும் ஒழுங்காக இருந்தால் வரும்; ஒன்று பிசகினாலும் நழுவிவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கும், சேர்ந்து சில மாதம் ஆகியும் கூட்டத்தோடு ஒட்டாமல் தவிக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

முதலில் சத்தத்தைக் குறையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் உரக்கப் பாடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரே பலத்தில் 10 பேர் பாடினால் ஒருவர் பாடுவதைவிட 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். 100 பேர் என்றால் 20 டெசிபல், காதுக்கு நாலு மடங்கு. இந்த 100 பேரில் ஒருவர் மட்டும் தன் குரலின் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் மொத்தத்தில் கூடுவது 0.04 டெசிபல். 1 டெசிபல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே காது திணறும். ஆக, தொண்டை கிழியப் பாடினாலும் கூட்டத்தின் சத்தம் கூடாது. அந்தக் குரலின் முரட்டுத்தனம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஏன் கத்துகிறோம்? தன் குரல் தனக்குக் கேட்காதபோது மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். இரைச்சலான இடத்தில் பேசும்போது நடப்பதும் இதுவே. பக்கத்தில் நிற்பவரும் பதிலுக்கு உயர்த்துவார், பத்து நிமிடத்தில் வரிசை முழுக்கக் கத்தல் ஆகிவிடும். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றால் இது பெருமளவு அடங்கும். தோளோடு தோள் உரச நின்றால் அவரவர் குரல் அவரவருக்குக் கேட்காது. இடம் இல்லையென்றால் பின்வரிசை ஆட்களை இரண்டு முன்வரிசைத் தலைகளுக்கு நடுவில் வரும்படி நிறுத்துங்கள்.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி: பாடிக்கொண்டே இடப்பக்கத்தவர் குரலையும் வலப்பக்கத்தவர் குரலையும் தேடுங்கள். இரண்டில் ஒன்று கேட்கவில்லை என்றாலும் உங்கள் சத்தம் அதிகம்.

எந்தப் பார்ட்?

கொயர் மாஸ்டர் குரலைப் பார்க்கும்போது உச்ச ஸ்வரத்தை எட்டிக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் களைக்காமல் எங்கே உட்கார முடிகிறது என்பதுதான் கேள்வி. உத்தேசமாக, சோப்ரானோ பியானோவின் நடு ஸி-யிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஸ்தாயி மேலே போகும். ஆல்டோ நடு ஸி-க்குக் கீழே உள்ள ஜி-யில் தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி. டெனர் நடு ஸி-க்கு ஒரு ஸ்தாயி கீழிருந்து, நடு ஸி-க்கு மேலுள்ள ஜி வரை. பேஸ் அதற்கும் கீழே ஈ அல்லது எஃப் முதல் நடு ஸி-யைக் கொஞ்சம் தாண்டி. டெனர் வரி ட்ரெபிள் க்ளெஃபில் (மேல் ஸ்வரங்களுக்கான குறியில்) எழுதியிருந்தால், பாடுவது எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே.

இசைக்குறிப்பு நன்றாக வாசிக்கிறார் என்பதற்காகவே சோப்ரானோ குரலை ஆல்டோவில் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. சில மாதம் பரவாயில்லை. வருடக்கணக்கில் அப்படிப் பாடினால் அந்தக் குரலின் மேல்பகுதி பழக்கம் விட்டுப்போகும். தயங்காமல் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

பாட்டைக் கற்றுக்கொள்வது

மெட்டுக்கு முன்னால் சொல். வரிகளைத் தாளத்தோடு, மெட்டில்லாமல், சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள். பிறகு சொல்லை விட்டுவிட்டு ‘நூ’ என்ற ஒரே அசையில் உங்கள் பார்ட்டின் மெட்டு மட்டும். இரண்டும் தனித்தனியே நின்றபின் சேருங்கள். நீளமான கீதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது நல்லது. எல்லோரும் முதல் பக்கத்தையே ஐம்பது முறை பாடியிருப்பார்கள். முடிவுதான் ஆராதனையில் தடுமாறும்.

டானிக் சோல்ஃபாவில், அதாவது டோ, ரே, மி என்று எழுத்தால் எழுதும் இசைக்குறிப்பில், படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘டோ’ என்பது நம் ‘ச’ மாதிரி, ஸ்ருதி எங்கே மாறினாலும் கூடவே நகரும். கவனிக்க வேண்டியது நிறுத்தற்குறிகளை: செங்குத்துக் கோட்டுக்கு அடுத்தது அழுத்தமான தட்டு, முக்காற்புள்ளிக்கு அடுத்தது லேசான தட்டு, சிறு கோடு வந்தால் முந்தின ஸ்வரத்தை நீட்டுவது. ஸ்வரம் சரியாகப் பாடி நீட்டலைப் பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

உங்கள் பார்ட் மட்டும் உரக்க ஒலிக்கும் ஆடியோவைப் போனில் வைத்துப் படிப்பது இப்போது வழக்கம். முதல் இரண்டு வாரம் சரி. அதற்குப் பிறகு உங்கள் பார்ட் இல்லாத, மற்ற மூன்றும் ஒலிக்கும் ஆடியோவோடு பாடுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் அந்தக் கைத்தடி போனதும் பக்கத்துப் பார்ட்டுக்குச் சாய்ந்துவிடுவீர்கள்.

கையில் பென்சில் இருக்கட்டும், பேனா வேண்டாம். மாஸ்டர் மனம் மாற்றிக்கொள்வார். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி. மாஸ்டரைப் பார்த்தே ஆகவேண்டிய இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம். ஸ்ருதி இறங்கும் ஸ்வரத்தின் தலையில் மேல்நோக்கிய அம்புக்குறி. எல்லாவற்றையும்விட முக்கியம், இடைவெளிக்குப் பிறகு நீங்கள் நுழையும் ஸ்வரம் யாரிடமிருந்து கிடைக்கிறது என்ற குறிப்பு. ‘டெனர் கடைசி ஸ்வரம் = என் முதல் ஸ்வரம்’ என்று ஓரத்தில் எழுதிவைத்தால் நூறு ஒத்திகையின் பயம் போய்விடும்.

மூச்சு

தனியாகப் பாடும்போது வாக்கியத்தின் முடிவில் மூச்சு எடுப்போம். பெரிய கொயரில், ஒருவரின் மூச்சுக்கு எட்டாத நீளத்தில் வரி ஓடும்; கேட்பவருக்கு அது அறுபடவே கூடாது. மாற்றி மாற்றி மூச்சு எடுப்பதில்தான் அதன் ரகசியம். இதற்குச் சில கறாரான விதிகள் உண்டு.

பார் கோட்டில் (தாளப் பகுதிகளைப் பிரிக்கும் செங்குத்துக் கோட்டில்) எடுக்காதீர்கள். எல்லோருக்கும் அங்கேதான் எடுக்கத் தோன்றும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலும் வேண்டாம். நீண்டு நிற்கும் ஓர் உயிரொலியின் நடுவே, பக்கத்தவர் எடுக்காத நேரம் பார்த்து விலகுங்கள். விலகும்போது சட்டென வெட்டாமல் ஒலியைத் தேய்த்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். முழுதாக, நிதானமாக மூச்சை நிரப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத இரண்டு தட்டு யாருக்கும் தெரியாது. திரும்ப நுழையும்போது அந்தச் சொல்லின் மெய்யெழுத்தைச் சொல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் உயிரொலிக்குள் மெதுவாக வழுக்கிச் சேருங்கள். மூச்சு தீர்ந்து தவிக்கும்வரை காத்திருப்பது பெரிய தப்பு. தீரும் முன்பே ஸ்ருதி இறங்கத் தொடங்கியிருக்கும்.

எல்லோரும் சேர்ந்து எடுக்கும் மூச்சு வேறு. பாட்டின் தொடக்கத்தில் மாஸ்டரின் கை உயரும்போது, பாடப்போகும் வேகத்திலேயே, பாடப்போகும் உயிரொலியின் வாய் வடிவத்திலேயே மூச்சை உள்ளே இழுங்கள். ‘ஆ’ என்று தொடங்கும் வரிக்கு ‘ஆ’ வடிவில் மூச்சு. இந்த ஒன்றைச் செய்தாலே நூறு பேரும் ஒரே நொடியில் தொடங்குவார்கள்.

மூச்சை ஒன்றாக எடுத்து ஒன்றாக விடும்போது உடம்புக்குள்ளும் ஏதோ நடக்கிறது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒரே நேரத்தில் கூடிக் குறைவதைப் பதிவு செய்தார்கள். மூச்சு உள்ளே வரும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே போகும்போது குறையும். பாட்டின் வரி எல்லோருடைய மூச்சையும் ஒரே அளவில் பிடித்து வைப்பதால் துடிப்பும் சேர்ந்துகொள்கிறது. பிராக்டிஸ் முடிந்து போகும்போது மனம் லேசாக இருப்பதில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறோம்.

ஸ்ருதி ஏன் இறங்குகிறது

வாத்தியம் இல்லாமல் நாலு பக்கம் பாடிவிட்டுக் கீபோர்டைத் தட்டிப் பார்த்தால் அரை ஸ்வரம் இறங்கியிருக்கும். கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை, காரணங்கள் குறிப்பானவை. ஒரே ஸ்வரம் ஐந்தாறு முறை திரும்ப வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் இறங்கும். ஒவ்வொன்றையும் முந்தினதைவிடச் சற்று மேலே என்று நினைத்துப் பாடுங்கள். இறங்கும் வரிசையில் ஒவ்வொரு படியும் தேவைக்கு மேல் பெரிதாகும். ஏறும் படியைப் பெரிதாகவும் இறங்கும் படியைச் சிறிதாகவும் வைப்பது பழைய கொயர் விதி, இன்றும் பலிக்கிறது. சத்தம் குறைத்துப் பாடும் இடத்தில் குரலோடு மூச்சின் பலத்தையும் குறைத்துவிடுவது இன்னொரு காரணம்.

இதற்கு நேர்மாறான விஷயம் ஒன்று: மேஜர் கார்டில் (டோ, மி, சோ சேர்ந்து ஒலிக்கும் கூட்டில்) ‘மி’, அதாவது நம் அந்தர காந்தாரம், கீபோர்டில் கேட்பதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தால்தான் கூட்டில் கரையும். அரை ஸ்வரத்தை 100 பாகமாக்கினால் அந்த வித்தியாசம் 14 பாகம். நன்றாகச் சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்கிற சுயம்பு காந்தாரம் இருக்கிறதே, அதுதான் இந்த ஸ்வரம். உங்கள் பார்ட்டுக்கு ‘மி’ வரும் கார்டில் சத்தத்தைச் சற்றுக் குறைத்து, பேஸின் ஆதார ஸ்வரத்தைக் கேட்டு, அதன்மேல் மெல்ல வையுங்கள். சரியாக உட்கார்ந்ததும் அதுவரை இருந்த இரைச்சல் நின்று கார்ட் முழுவதும் ஒளி ஏற்றினாற்போல் ஒலிக்கும். முதலில் சொன்ன கணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும்.

சொல் கேட்க வேண்டும்

வழிபாட்டில் சொல்தான் பிரதானம். தமிழ்ப் பாட்டில் சொல்லைக் குலைப்பவை ஒன்றிரண்டே. முதலாவது குறில். ‘மகிமை’ என்ற சொல்லில் ‘கி’ மேல் நீண்ட ஸ்வரம் விழுந்தால் நூறு பேரும் ‘கீ’ என்பார்கள். நீளத்தை மறைக்க முடியாது. ஆனால் வாயைப் பக்கவாட்டில் இழுக்காமல், இகரத்தின் தளர்வான வடிவத்திலேயே நிறுத்தினால் காது குறிலாக ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது குற்றியலுகரம். ‘பாட்டு’, ‘அன்பு’ என்று முடியும்போது பாதிப்பேர் உதட்டைக் குவிப்பார்கள், பாதிப்பேர் குவிக்க மாட்டார்கள். ஒலி மங்கிப்போகும். உதட்டைக் குவிக்காமல் லேசாக விடுவது என்று பிராக்டிஸில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ‘ம்’, ‘ன்’, ‘ல்’ என்று முடியும் சொல்லில் மெய்யை எந்தத் தட்டில் மூடுவது என்பதும் முன்கூட்டியே குறித்தாக வேண்டும். ‘ஸ்’ வந்தால் வரிசைக்கு இரண்டு பேர் சொன்னால் போதும். நூறு பேர் சொன்னால் பாம்பு சீறினாற்போல் கேட்கும்.

தொடக்க மெய் தட்டுக்கு ஒரு இமை முன்னால், உயிர் சரியாகத் தட்டின்மேல். இதைத் தலைகீழாகச் செய்யும் கொயர் எப்போதும் பின்தங்கியே ஒலிக்கும்.

சோப்ரானோவின் உச்சத்தில் சொல் புரியாமல் போவது அவர்கள் குற்றமில்லை. ‘ஈ’யை ‘ஈ’ என்று அடையாளம் காட்டும் முதல் ஒலிக்கட்டு (வாயின் வடிவம் வலுவாக்கும் அதிர்வெண்) சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அவர்கள் பாடும் மேல் எஃப் 698 ஹெர்ட்ஸ். ஸ்வரமே அதைத் தாண்டிப் போய்விட்டது. அந்த உயரத்தில் அவர்கள் வாயைத் திறந்து ‘எ’ பக்கம் சாய்த்துப் பாடட்டும். சொல்லைத் தெளிவாக எடுத்துப்போகும் பொறுப்பு கீழே உள்ள மூன்று பார்ட்டுக்கு.

காதை நம்பாமல் கையைப் பார்க்க வேண்டிய இடம்

ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். உங்களுக்கும் ஆர்கனுக்கும் நடுவே 20 மீட்டர் இருந்தால், அது வாசித்தது உங்களை வந்தடைய 0.06 நொடி ஆகும். அதைக் கேட்டு நீங்கள் பாடி, அது முன்னால் போய்ச் சேர இன்னொரு 0.06. கேட்டுப் பாடும் பின்வரிசை இழுத்துக்கொண்டு போவதன் காரணம் இதுதான். ஸ்ருதிக்குக் காது, தாளத்துக்குக் கண். ஃபைலை நெஞ்சுக்கு மேலே, முகத்தை மறைக்காத உயரத்தில் பிடித்தால் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மாஸ்டரைப் பார்க்கலாம்.

உடம்பு

பாடுவதற்கு முன் 10 நிமிடம்: உதட்டை அதிரவிட்டு மேலும் கீழும் வழுக்குவது, வாய் மூடி ‘ம்’, பிறகு ஐந்து ஸ்வரம் ஏறி இறங்குவது. தண்ணீரை ஒரு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை. உடம்பில் ஊறித்தான் அங்கே போகும். தொண்டை கமறினால் செருமாமல் விழுங்குங்கள். நிற்கும்போது முழங்காலைப் பூட்டாதீர்கள்: அசையாமல் விறைத்து நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கண் இருட்டுவதுபோல் இருந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தவர் பாடிக்கொண்டே உங்களைப் பிடித்துக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும்.

கடைசி ஸ்வரம்

உயரமான கூரையுள்ள ஆலயத்தில் கடைசி ஒலி அடங்க நாலைந்து நொடி ஆகலாம். மாஸ்டரின் விரல் மூடியதும் ஒலியை நிறுத்துங்கள், ஆனால் வாய் வடிவத்தை அப்படியே வையுங்கள். ஃபைலை மூடாதீர்கள், எடையைக் கால் மாற்றாதீர்கள், மூச்சைப் பெருமூச்சாக விடாதீர்கள். நூறு பேர் பாடியது மேலே இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதை நூறு பேரும் சேர்ந்து கேட்டு முடித்து, கை இறங்கியபின் உட்காருங்கள்.