டாரிஃப்: கட்டுவது யார், எதற்கு?

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத டாரிஃப் என்று அமெரிக்கா அறிவித்ததும், அந்தச் சொல் ஹட்டன் டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் அது 20 சதவீதமாகக் குறைந்தது. குழப்பம் மட்டும் குறையவில்லை.

"அந்தக் காசை இலங்கை கட்ட வேண்டுமாம்" என்பதுதான் இதில் பெரிய பிழை. டாரிஃப் என்பது ஒரு நாடு தன் எல்லைக்குள் வரும் பொருளுக்கு விதிக்கும் தீர்வை. கட்டுகிறவர் பொருளை இறக்குமதி செய்யும் அமெரிக்க வியாபாரி. காசு சேர்வதும் அமெரிக்கத் திறைசேரிக்கே. அப்படியென்றால் நமக்கு என்ன கவலை? தீர்வை ஏறினால் அந்த வியாபாரி நம்மிடம் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லாவிட்டால் வேறு நாட்டுக்கு ஓடரைக் கொடுப்பார். நம் ஆடைகளுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் கார்மென்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே லயத்தில் இருப்பவர்கள் கவலைப்பட்டது நியாயம்தான். ஆனால் "இனிக் கொழுந்துக்கு விலை கிடைக்காது" என்று உடனே முடிவுகட்டியது அவசரம். நம் தேயிலையை அதிகம் வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகள்.

அடுத்தது, சதவீதம் எதன்மேல் என்பது. கடையில் விற்கும் விலைமேல் அல்ல, இறக்குமதிப் பெறுமதிமேல். 10 டொலருக்கு இறக்கிய சட்டைக்கு 20 சதவீதம் என்றால் 2 டொலர். அதே சட்டையைக் கடைக்காரர் 30 டொலருக்கு விற்றாலும் டாரிஃப் அதே 2 டொலர்தான். அமெரிக்கா கப்பல் கூலியையும் காப்புறுதியையும் தவிர்த்துவிட்டுப் பெறுமதியைக் கணக்கிடுகிறது. இலங்கைச் சுங்கம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும். அதற்கு மேல் வற் (பெறுமதி சேர் வரி) வேறு. பில்லில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து "டாரிஃப்" என்று திட்டுகிறோம். உண்மையில் அது அதில் ஒரு வரி மட்டுமே.

டாரிஃப், டியூட்டி இரண்டும் ஒன்றா? பத்திரிகைகள் ஒன்றாகத்தான் எழுதுகின்றன, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆனால் வணிகம் படிக்கும் பிள்ளைகள் கவனிக்கட்டும்: வீதங்களின் பட்டியல் டாரிஃப், உங்கள் பொருளுக்கு விழும் தொகை டியூட்டி. அந்தப் பட்டியலில் தேயிலையின் இலக்கம் 0902. கறுப்புத் தேயிலையிலேயே 3 கிலோவுக்கு மேற்படாத பொதிக்கு 0902.30, அதைவிடப் பெரிய பொதிக்கு 0902.40. ஒரே தேயிலை, பொதியின் அளவு மாறினால் இலக்கமும் மாறும்.

எல்லா டாரிஃபும் எல்லையைச் சேர்ந்ததல்ல. நுவரெலியா ஹோட்டலின் "ரூம் டாரிஃப்" அறை வாடகைப் பட்டியல். மின்சார டாரிஃப் மின்கட்டண வீதம். இவற்றைச் "சுங்க வரி" என்று மொழிபெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அரபுச் சொல்லொன்றிலிருந்து ஐரோப்பா வழியாக வந்தது இது. விலையை அறிவிக்கும் பட்டியல் என்ற பொருள் அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

கோட்டாவோடும் இதைக் குழப்ப வேண்டாம். எவ்வளவு பொருள் வரலாம் என்று அளவைக் கட்டுப்படுத்துவது கோட்டா. டாரிஃப் கட்டினால் எவ்வளவும் வரலாம்.

எழுத்துப் பிழையும் நிறைய. ஆங்கிலத்தில் ஆர் ஒன்று, எஃப் இரண்டு. பலர் தலைகீழாக எழுதுகிறார்கள்.