சர்வர் கிளஸ்டர்: ஏற்றுவதும் ஒழுங்காக இறக்குவதும்

ஒரு சர்வர் விழுந்தாலும் தளம் விழக்கூடாது என்பதற்காகத்தான் கிளஸ்டர், அதாவது வேலையைப் பகிர்ந்துகொள்ளும் சர்வர்களின் கூட்டம், போடுகிறோம். அதை ஏற்றுவதற்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு. இறக்குவதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் பராமரிப்புக்காக நிறுத்தும்போது வரிசை தப்பினால் பயனாளரின் கோரிக்கை பாதியில் அறுந்துபோகும். அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

லினக்ஸ் இயந்திரங்கள் ஆறு, எல்லாம் ஒரே நெட்வொர்க்கில்.

- லோடு பேலன்சர் (கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்புவது) இரண்டு: 10.0.0.11, 10.0.0.12. இரண்டிலும் ஹெச்ஏபிராக்ஸி (பங்கிடும் மென்பொருள்), கீப்அலைவ்டு (கீழே வரும் மெய்நிகர் ஐபியைக் கைமாற்றும் மென்பொருள்).
- டாம்கேட் (ஜாவா பயன்பாட்டை ஓட்டும் சர்வர்) மூன்று: 10.0.0.21, 22, 23.
- தரவுத்தளம் ஒன்று: 10.0.0.31.
- இவை தவிர, எந்த இயந்திரத்துக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லாத மெய்நிகர் ஐபி ஒன்று: 10.0.0.10. பயனாளர்கள் வந்து சேரும் முகவரி இதுதான்.

தரவுத்தளம் ஒன்றே ஒன்று என்பதால் அது விழுந்தால் எல்லாம் விழும். அதற்கு மாற்று ஏற்பாடு தனிப் பாடம், இங்கே தொடப்போவதில்லை.

டாம்கேட் ஏன் மூன்று? இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் பாதிச் சுமைக்குக் கீழேயே ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று போனதும் மற்றது மூச்சு முட்டிவிடும். மூன்று இருந்தால் ஒவ்வொன்றையும் மூன்றில் இரண்டு பங்கு வரை ஓட்டலாம். ஒன்றைப் பராமரிப்புக்கு எடுத்தாலும் இரண்டு மிச்சம்.

முதல் வேலை, எல்லா இயந்திரத்திலும் கடிகாரத்தை ஒத்திசைப்பது. இல்லையென்றால் பிறகு லாக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எது முதலில் விழுந்தது என்றே தெரியாது.

படி 1: டாம்கேட்டும் செஷனும்

மூன்றிலும் ஒரே ஜாவா பதிப்பு, ஒரே டாம்கேட் பதிப்பு, ஒரே பயன்பாட்டுக் கோப்பு இருக்கட்டும். சர்வர் கான்ஃபிக் கோப்பில் கிளஸ்டர் பகுதியைத் திறந்துவிடுங்கள். பயன்பாட்டின் வெப் கான்ஃபிக் கோப்பில் 'டிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற குறியைச் சேருங்கள். இந்த ஒரு குறி விடுபட்டால் செஷன், அதாவது ஒரு பயனாளரைப் பற்றி டாம்கேட் நினைவில் வைத்திருக்கும் விவரம், மற்ற டாம்கேட்களுக்கு நகலாகாது. செஷனில் வைக்கும் ஒவ்வொரு பொருளும் சீரியலைஸ் ஆகக்கூடியதாகவும் (நெட்வொர்க்கில் அனுப்பும் பைட்டுகளாக மாறக்கூடியதாகவும்) இருக்க வேண்டும்.

நோடுகள் (கிளஸ்டரில் உள்ள டாம்கேட்கள்) ஒன்றையொன்று கண்டுபிடிக்க மல்ட்டிகாஸ்ட் (ஒரே செய்தியைக் குழு முழுவதற்கும் அனுப்பும் முறை) 228.0.0.4, யூடிபி போர்ட் 45564. செஷன் நகல் போவது டிசிபி போர்ட் 4000 முதல் 4100 வரை. இரண்டையும் டாம்கேட்களுக்கு இடையில் மட்டும் ஃபயர்வாலில் திறங்கள். மல்ட்டிகாஸ்டை அனுமதிக்காத நெட்வொர்க்கில், கிளவுடில் பெரும்பாலும் அப்படித்தான், உறுப்பினர்களின் முகவரிகளைக் கையால் எழுதிவிட வேண்டும்.

இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. லாக்கில் 'உறுப்பினர் சேர்ந்தார்' என்று வரும், ஆனால் செஷன் மட்டும் நகலாகாது. டெபியன், உபுண்டு இயந்திரங்களில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். இயந்திரத்தின் பெயருக்கு நேரே, தன்னையே குறிக்கும் 127.0.1.1 என்ற முகவரி பெரும்பாலும் இருக்கும். ரிசீவர் (செஷன் நகலை வாங்கும் பகுதி) முகவரியை 'ஆட்டோ' என்று விட்டிருந்தால் டாம்கேட் அந்த எண்ணைத்தான் மற்ற நோடுகளுக்குத் தன் முகவரியாக அறிவிக்கும். அவை அந்த முகவரிக்கு அனுப்புவதெல்லாம் அவற்றுக்கே திரும்பிப் போகும். ரிசீவரில் அந்தந்த இயந்திரத்தின் உண்மையான முகவரியை, முதலாவதில் 10.0.0.21 என்று, எழுதுங்கள், சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்த முறையில் ஒவ்வொரு செஷனும் எல்லா நோடுக்கும் நகலாகும். மூன்று நோடுக்குச் சரி. எண்ணிக்கை கூடினால் நகல் வேலையே பெரிய சுமையாகிவிடும்.

படி 2: ஹெச்ஏபிராக்ஸி

மூன்று டாம்கேட்களையும் பின்தளமாக எழுதுங்கள். செஷன் குக்கீயை ஹெச்ஏபிராக்ஸியே செருகட்டும். அப்போது ஒரு பயனாளர் ஒரே டாம்கேட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவார்.

டாம்கேட் நலமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கும் ஹெல்த் செக்தான் இங்கே உயிர்நாடி. 'செக்' என்று மட்டும் எழுதி, வேறு எதுவும் சொல்லாமல் விட்டால் ஹெச்ஏபிராக்ஸி போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். டாம்கேட்டோ, பயன்பாடு முழுதாக ஏறுவதற்கு முன்பே போர்ட்டைப் பிடித்துவிடும். இணைப்பை ஏற்பது இயங்குதளம். உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லாத நிலையிலேயே 'உயிரோடு இருக்கிறது' என்ற முடிவு வந்துவிடும். ஆகவே பயன்பாட்டில் ஒரு சிறு பக்கம் எழுதி, அது 200 (எல்லாம் சரி) என்று பதில் தந்தால்தான் சேர்ப்பது என்று ஹெச்டிடிபி செக் வையுங்கள். அந்தப் பக்கத்தில் தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். தரவுத்தளம் ஒரு கணம் தடுமாறினால் மூன்று டாம்கேட்டும் ஒரே நேரத்தில் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும்.

செக்கின் இயல்பு அளவுகள்: 2 நொடிக்கு ஒரு முறை, தொடர்ந்து 3 தோல்வி வந்தால் வெளியே, 2 வெற்றி வந்தால் உள்ளே. தொடக்கத்துக்கு இவை போதும்.

ஸ்டாட்ஸ் சாக்கெட்டை (ஓடும் ஹெச்ஏபிராக்ஸிக்குக் கட்டளை தரும் வழியை) அட்மின் உரிமையோடு திறந்து வையுங்கள். இறக்கும்போது அது கட்டாயம் தேவை.

படி 3: மெய்நிகர் ஐபி

கீப்அலைவ்டு இரண்டு இயந்திரத்திலும் ஓடும். தலைமையில் இருப்பது நொடிக்கொரு முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். அறிவிப்பு நின்றால் அடுத்தது ஐபியை எடுத்துக்கொள்ளும்.

முதல் இயந்திரத்துக்கு முன்னுரிமை 101, இரண்டாவதற்கு 100. மெய்நிகர் ரவுட்டர் எண் (இந்த ஜோடியை அடையாளம் காட்டும் எண்) இரண்டிலும் ஒன்றே, ஆனால் அதே நெட்வொர்க்கில் வேறு யாரும் பயன்படுத்தாத எண். இரண்டையும் 'பேக்கப்' நிலையில் தொடங்கி, 'நோ பிரீஎம்ப்ட்' போடுங்கள். இல்லையென்றால் விழுந்த இயந்திரம் எழுந்து வந்தவுடன் ஐபியைப் பிடுங்கிக்கொள்ளும். தேவையில்லாத ஒரு குலுக்கல்.

ஹெச்ஏபிராக்ஸி மட்டும் செத்து இயந்திரம் உயிரோடு இருந்தால்? அதற்கு ஒரு சோதனை ஸ்கிரிப்ட் வேண்டும். தோற்றால் முன்னுரிமையில் 20 குறை என்று ஸ்கிரிப்டின் எடையை -20 என எழுதுவது பழக்கம்: 101 என்பது 81 ஆகி 100-க்குக் கீழே போகும். ஆனால் 'நோ பிரீஎம்ப்ட்' இருக்கும்போது முன்னுரிமை குறைந்தாலும் மற்ற இயந்திரம் ஐபியைக் கேட்காது. அதனால் நம் அமைப்பில் எடையை 0 என்று விடுங்கள். அப்போது ஸ்கிரிப்ட் தோற்றதும் கீப்அலைவ்டு பிழை நிலைக்குப் போய் ஐபியைக் கைவிடும், மற்றது எடுத்துக்கொள்ளும்.

மறக்கக்கூடாத இரண்டு:

1. ஃபயர்வாலில் விஆர்ஆர்பி (கீப்அலைவ்டின் அறிவிப்புகள் போகும் நெறிமுறை), அதாவது ஐபி நெறிமுறை எண் 112, திறந்திருக்க வேண்டும். இது போர்ட் எண் அல்ல. மூடியிருந்தால் ஒன்றுக்கொன்று கேட்காமல் இரண்டுமே தலைமை ஏற்கும். ஒரே ஐபி இரண்டு இடத்தில் இருக்கும், தளம் வரும், போகும்.
2. தன்னிடம் இல்லாத ஐபியில் ஹெச்ஏபிராக்ஸி பைண்ட் ஆக (அந்த முகவரியில் கோரிக்கைக்குக் காத்திருக்க), கெர்னலில் 'நான்லோக்கல் பைண்ட்' மதிப்பை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது இயந்திரத்தில் ஹெச்ஏபிராக்ஸி தொடங்கவே மறுக்கும்.

ஒரே ஒரு டாம்கேட்டை இறக்க

ஸ்டாட்ஸ் சாக்கெட் வழியாக அந்த டாம்கேட்டை 'டிரெயின்' நிலைக்கு மாற்றுங்கள். புதியவர்கள் அங்கே போகமாட்டார்கள். ஆனால் குக்கீ உள்ள பழையவர்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை காத்திருந்தால் நாள் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். செஷன் நகலாகிறது என்பதை ஏற்கெனவே சோதித்திருந்தால் சில நிமிடம் பொறுத்து 'மெயின்ட்' நிலைக்கு மாற்றுங்கள். ஓடும் கோரிக்கைகள் முடியும். பழையவர்களும் மற்ற நோடுகளுக்குப் போய்விடுவார்கள். பிறகு டாம்கேட்டை நிறுத்துங்கள்.

இந்த மாற்றத்தை இரண்டு ஹெச்ஏபிராக்ஸியிலும் செய்ய வேண்டும். ஒன்றின் நிலை மற்றதற்குத் தெரியாது. நடுவில் யாராவது ஹெச்ஏபிராக்ஸியை ரீலோடு செய்தால் 'மெயின்ட்' அழிந்துவிடும். சோதனைக்காக நீங்கள் பாதி ஏற்றி வைத்த டாம்கேட்டுக்கு நிஜப் பயனாளர்கள் வந்து நிற்பார்கள்.

நிறுத்தும் நேரத்தையும் கவனியுங்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி பொறுக்கும், அதன்பின் வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். நீண்ட அறிக்கை தயாரிக்கும் பயன்பாடு என்றால் இந்த வரம்பை முன்பே கூட்டுங்கள்.

முழு கிளஸ்டரையும் இறக்க

மேலிருந்து கீழே போக வேண்டும். கேட்பவர் முதலில், கொடுப்பவர் கடைசியில்.

1. நேரம் குறித்து ஓடும் வேலைகளையும், விழுந்ததைத் தானே எழுப்பும் கண்காணிப்பையும் நிறுத்துங்கள். இரண்டாவதை மறந்தால் நீங்கள் நிறுத்த நிறுத்த அது எழுப்பிக்கொண்டே இருக்கும்.
2. ஐபி இல்லாத லோடு பேலன்சரில் முதலில் கீப்அலைவ்டு, பிறகு ஹெச்ஏபிராக்ஸி. ஐபி உள்ளதை முதலில் நிறுத்தினால் ஐபி வீணாக அங்கே தாவும்.
3. மிச்சமுள்ள ஹெச்ஏபிராக்ஸியில் மூன்று டாம்கேட்டையும் 'மெயின்ட்' ஆக்குங்கள். பயனாளருக்கு 503 ('சேவை இப்போது இல்லை') வரும். அதற்குப் பராமரிப்பு அறிவிப்புப் பக்கம் ஒன்றை முன்பே வைத்திருங்கள்.
4. டாம்கேட்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். செஷன்கள் நினைவகத்தில் மட்டுமே இருந்ததால், கடைசி டாம்கேட்டோடு நகல்களும் போய்விடும். எல்லாரும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
5. தரவுத்தளத்தில் பயன்பாட்டின் இணைப்பு ஒன்றுகூட இல்லை என்று பார்த்தபின் அதை நிறுத்துங்கள்.
6. கடைசி லோடு பேலன்சர். அறிவிப்புப் பக்கம் தெரிய வேண்டும் என்றால் இதை ஓடவிட்டே வையுங்கள்.

திரும்ப ஏற்ற

இதன் தலைகீழ். தரவுத்தளம் வந்ததும் ஒரு டாம்கேட்டை மட்டும் ஏற்றுங்கள். லாக்கில் அது தொடங்கி முடித்ததற்கான வரியைப் பார்த்தபின் அடுத்தது. மூன்றையும் ஒன்றாகத் தட்டினால் பாதி எழுந்த நோடிடம் மற்றவை செஷன் நிலையைக் கேட்டுக் காத்துக்கிடக்கும். அந்தக் காத்திருப்பு 60 நொடி வரை போகும். பிறகு ஹெச்ஏபிராக்ஸி, அதன் பின்தான் கீப்அலைவ்டு.

கடைசியாக, மெய்நிகர் ஐபி ஒரே ஒரு இயந்திரத்தில்தான் இருக்கிறதா என்று இரண்டிலும் பாருங்கள். அடுத்து தலைமையில் உள்ளதன் கீப்அலைவ்டை முறையாக நிறுத்திப் பாருங்கள். முன்னுரிமை 0 என்று அறிவித்துவிட்டே விலகுவதால் மாற்றம் ஒரு நொடிக்குள் முடியும். பிறகு அதை மீண்டும் தொடங்கிவிட்டு, இப்போது தலைமையில் உள்ளதன் நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிப் பாருங்கள். இப்போது மூன்றரை நொடிக்கும் சற்று மேலே ஆகும். கேபிளைப் பிடுங்கியபின் பத்து நொடி ஆகியும் தளம் வரவில்லையென்றால் மேலே சொன்ன எண் 112-இலிருந்து தேடத் தொடங்குங்கள்.