காற்று நுழையணும், மூசாங் நுழையக்கூடாது: ஆறு கோழிக்கு ஒரு திறந்தவெளிக் கூண்டு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். செம்பனை இருந்தால் எலி இருக்கும். எலிக்காகத்தான் தோட்டங்களில் கூண்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். அதே எலிக்காக மலைப்பாம்பும் வரும், வந்த இடத்தில் கோழி வாசம் பட்டால் வேலியைத் தாண்டும். மூசாங் என்கிற மரநாய், உடும்பு, தெருநாய் எல்லாம் இந்த வரிசைதான்.

நான் முதலில் கட்டிய கூண்டு நாலு பக்கமும் பலகை. மதியம் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி. அந்தச் சூடு மூச்சு வழியாகவும் கொண்டை, தாடி வழியாகவும்தான் வெளியேற வேண்டும். அதற்குக் காற்று ஓட வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கோழி வலையைச் சுற்றிக் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு விடியலில் மூன்று கோழியைக் காணோம். மூலையில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. வந்த சந்து வழியாகத் திரும்பிப் போக வயிறு இடம் கொடுக்கவில்லை.

இப்போது இருப்பது மூன்றாவது கூண்டு. ஆறு பெட்டைக்கு இது போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒட்டிய வீடு என்றால் விடியற்காலைக் கூவலையும் யோசியுங்கள். ஒரு ஆணி அடிப்பதற்கு முன் உங்கள் ஊராட்சி மன்றத்தில் கோழி வளர்க்க அனுமதி எப்படி என்று கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும்.

இடமும் திசையும்

அளவு 12 அடி நீளம், 6 அடி அகலம். ஒரு கோழிக்கு 12 சதுர அடி வருகிறது. பகல் முழுக்க உள்ளேயே இருந்தாலும் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளாத அளவு இது. நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் பெரும்பாலும் குறுகிய பக்கத்தில் விழும்.

கயிறு கட்டி அளப்பதற்கு முன் இரண்டு மூன்று மழையை நின்று பாருங்கள். சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். கூண்டுக்குள் தரை சுற்றுப்புறத்தைவிட அரையடியாவது உயர்ந்திருக்க வேண்டும், அதனால் முதல் வேலையே மண் கொட்டி மிதித்து இறுக்குவதுதான்.

தூண்

எட்டுத் தூண். நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 4 அடிக்கு ஒன்று. முன்பக்கத் தூண் 9 அடி, பின்பக்கத் தூண் 8 அடி. எல்லாம் 2 அடி மண்ணுக்குள் போகும். ஆக முன்னே 7 அடி, பின்னே 6 அடி உயரம் நிற்கும், கூரைக்குச் சரிவு கிடைக்கும். குழியில் சிமெண்டுக் கலவை ஊற்றி, தூணைச் சுற்றி மேட்டுவாக்கில் பூசிவிடுங்கள். மழைத்தண்ணீர் தூண் அடியில் நிற்கக்கூடாது.

பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மருந்து ஏற்றாத பால்மரத்தில் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் சீக்கிரம் ஏறும், மண்ணில் நட்டால் இற்றுப்போகும். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் செங்கால் என்கிற கடின மரம் கிடைத்தால் விடாதீர்கள். இல்லாவிட்டால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். குறுக்குச் சட்டத்துக்கு மெராந்தி மரம் போதும், அது மண்ணைத் தொடாது.

தூண் நட்ட மறுநாளே மேலே ஏறாதீர்கள். மூன்று நாள் இறுகட்டும். பிறகு அடியிலும், 3 அடி உயரத்திலும், உச்சியிலும் சட்டம் அடித்துச் சுற்றி வாருங்கள். நடுச் சட்டம் எதற்கு என்று வலை அடிக்கும்போது புரியும்.

கூரை

முன் தூணிலிருந்து பின் தூணுக்குக் கைமரம் நான்கு, அதன் மேல் நீளவாக்கில் சட்டம் நான்கு, அதன் மேல் 10 அடித் தகரம். அகலம் 6 அடிதான் என்பதால் முன்னும் பின்னும் ஏறக்குறைய 2 அடி வெளியே நீளும். சுவர் இல்லாத கூண்டுக்கு இந்த நீட்டல்தான் சுவர். இதைக் குறைத்தால் முதல் புயல்மழையிலேயே உள்ளே சேறு. கிழக்கிலும் மேற்கிலும் ஒரு அடியாவது நீட்டுங்கள்.

திருகாணியைத் தகரத்தின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை. ரப்பர் வளையம் உள்ள ஆணியாகப் பார்த்து வாங்குங்கள். தகரச் சூடு இறங்காமல் இருக்க, மேலே தென்னங்கீற்றைப் பரப்பிக் கயிற்றால் கட்டினேன். நல்ல வித்தியாசம் தெரிகிறது. அத்தாப்பு (பனையோலைக் கூரை) போடலாம், ஆனால் அதற்குள் எலியும் பாம்பும் குடியேற இடம் உண்டு.

வலை, பாவாடை, கதவு

பணத்தை இங்கே செலவழியுங்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். நாய் கடித்தால் பிய்யும், குட்டிப் பாம்பு கண் வழியாகவே வரும். ஹார்ட்வேர் கடையில் அரை அங்குலச் சதுரக் கண், பற்றவைத்த கம்பி வலை என்று கேளுங்கள். சிட்டுக்குருவி, மைனாகூட நுழையாது. தீவனம் மிச்சம், வெளிப் பறவை கொண்டுவரும் நோயும் குறையும்.

3 அடி அகலச் சுருள் வாங்கினால் அடியிலிருந்து நடுச் சட்டம் வரை ஒரு பட்டை, அங்கிருந்து மேலே இன்னொரு பட்டை. இரண்டின் ஓரமும் நடுச் சட்டத்தின் மேலேயே வந்து சேரும். யு ஆணியை அரையடிக்கு ஒன்றாக அடித்து, அதன் மேல் மெல்லிய மரப்பட்டியை வைத்துத் திருகுங்கள். வெறும் ஆணியை நாய் இழுத்துப் பிடுங்கிவிடும்.

முன்பக்கம் 7 அடி அல்லவா? இரண்டு பட்டை போட்டதும் மேலே ஒரு அடி திறந்திருக்கும். கூரை நிழலில் அது கண்ணில் படாது. மூசாங் தூணில் ஏறி முதலில் தேடுவது அந்தச் சந்தைத்தான். என் மலைப்பாம்பும் அப்படித்தான் வந்தது. தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அதையும் வலையால் அடையுங்கள்.

கீழே தோண்டி வருபவற்றுக்கு வலைப் பாவாடை: சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, அடிச் சட்டத்தோடு சேர்த்து அடித்து, மண் போட்டு மூடுங்கள். நாய் சுவர் ஓரத்தில்தான் பறிக்கும், நகம் கம்பியில் மாட்டினதும் விட்டுவிடும்.

மேற்குப் பக்கம் மட்டும் வலைக்கு மேல் பலகையும் அடித்து மூடினேன். மாலை வெயிலுக்கு அது வேண்டும். சாரல் அடிக்கும் பக்கத்தில் அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தகரம். மற்றதெல்லாம் திறந்த வலை.

கதவு நீங்கள் குனியாமல் நுழையும் உயரத்தில் இருக்கட்டும், குனிந்து கூட்டுகிற கூண்டை யாரும் தினமும் கூட்ட மாட்டார்கள். கொக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று மட்டும் போட்டால் நாய் கீழ் மூலையைத் தள்ளி வளைத்துவிடும்.

உள்ளே

தோட்டத்தில் காட்டுக்கோழி பார்த்திருப்பீர்கள். பொழுது சாய்ந்தால் அது மரத்தில்தான் ஏறும். நம் கோழிக்கும் அதே குணம்தான். மேற்குச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, 3 அடி உயரத்தில், அகலத்துக்கு ஒரே கம்பம் வையுங்கள். கோழிக்குப் பத்து அங்குலம் என்றால் ஆறுக்கும் 6 அடி சரியாகப் போதும். விளிம்பை மழுக்கிய இரண்டு அங்குலக் கட்டை நல்லது. வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கால் நிற்காது.

முட்டைப் பெட்டி இரண்டு போதும், ஒரு அடி நீள அகல உயரம். கம்பத்தைவிடத் தாழ்வாக, இருட்டு மூலையில். பெட்டி உயரமாக இருந்தால் இரவில் அதிலேயே படுத்து எச்சமிடும், முட்டை அழுக்காகும்.

தரையில் நான்கு அங்குலம் நெல் உமி. கெடாவில் அதற்குப் பஞ்சமில்லை, அரிசி ஆலையில் கேட்டால் கிடைக்கும். மற்ற ஊரில் மரச்சீவல். கையில் பிடித்து அழுத்தினால் கட்டியாக ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஈரம் அதிகம், நாற்றம் தொடங்கிவிடும். நனைந்த இடத்தை அன்றைக்கே அள்ளி வாழைக்கடியில் போடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். வெயில் காலத்தில் ஒரு கோழி அரை லிட்டர்கூடக் குடிக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், நின்ற தண்ணீரை விட்டுவைக்காதீர்கள். தீவனத்தை மாலையில் எடுத்து மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். இரவில் எலி வந்தால் அதன் பின்னால் பாம்பு வரும்.

கோழி வாங்கும்போதே வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். மலாய்க்காரர்கள் சம்பார் ஆயாம் என்பது இதைத்தான். வந்தால் கூண்டே காலியாகும். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.

புதுக் கோழியை முதல் ஒரு வாரம் வெளியே விடாதீர்கள். முதல் இரண்டு இரவு தரையில் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இருட்டியதும் டார்ச்சோடு போய் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பத்தில் வையுங்கள். இருட்டில் அவை அடம்பிடிக்காது. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் நீங்கள் போவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்திருக்கும், நீங்கள் எண்ணிப் பார்த்து இரண்டு கொக்கியையும் போட்டால் போதும்.