மண்டப மானியம்: ரெண்டாவது தவணை எப்படி வந்துச்சு (என் அனுபவம்)

மேலூர் பக்கம் எங்க ஊர் கல் மண்டபத்தைச் சீரமைக்க மத்திய அரசு மானியம், டிரஸ்ட் கணக்கு என் பொறுப்பு. முதல் தவணை செலவாகி யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் (மானியத்தை எதுக்குச் செலவழிச்சோம்னு காட்டுற சான்று) அனுப்புனா "தொகை ஒத்து வரல"ன்னு ஒத்த வரியோட திரும்பி வருது.

முதல்ல கடுக்காய், வெல்லம் பில்லு மேலதான் சந்தேகம். சுண்ணாம்புச் சாந்துக்கு அதை ஊறவச்ச தண்ணிதான் ஊத்துவாங்க, ஆனா பில்லு மளிகைக் கடை பில்லு, பாக்குறவங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு மாதிரிதான் தெரியும். இன்ஜினியர்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சும் திரும்பி வந்துச்சு (அந்தக் கையெழுத்தை எப்படியும் வாங்கி வச்சுக்கோங்க, ஆடிட்டுக்கு உதவும்). ஜிஎஸ்டி, கொத்தனார் கூலி எல்லாம் மறுபடி கூட்டினேன், பைசா பிசகல.

கடைசில பாஸ்புக்கை வரி வரியா பாத்தப்பதான் சிக்குச்சு, மானியப் பணத்துக்கு பேங்க் போட்ட வட்டி! அடுத்த தவணைல கழிச்சுக்கலாம்னு ஆடிட்டர் எழுதியிருந்தாரு. 2017 பொது நிதி விதிகள் 230(8) படி அப்படிக் கழிக்கவே கூடாது, வட்டியை அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்டணும். பாரத்கோஷ்ல (மத்திய அரசுக்குப் பணம் கட்டுற இணையதளம்) கட்டி, வட்டியைத் தனி வரியா காட்டி, சலானோட 12-ஏ படிவத்தை (அந்த சர்டிபிகேட்டுக்கான படிவம்தான்) புதுசா அனுப்புனேன், ஏத்துக்கிட்டாங்க, பணமும் வந்துருச்சு. அப்பாடா, மழைக்கு முன்னாடி மேல்தளத்துல தட்டு ஓடு பதிச்சிடலாம்.