கூலி கொடு, விலை போடு: கண்காணிப்புக்கு நடுவே வாசிப்பு வட்டம் நடத்தும் போலந்து முறை

முதலில் பிழைப்புக்கு வழி செய்துகொள்ளுங்கள். புத்தகம், கூட்டம், இதழ் எல்லாம் அப்புறம். அரசாங்கமே ஊருக்கெல்லாம் முதலாளியாக இருக்கும் நாட்டில், வாயைத் திறந்தவனுக்கு முதலில் போவது வேலை. சிறை அதற்குப் பிறகுதான். வேலை போகும் என்று தெரிந்ததுமே வட்டத்தில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் கோழை என்று ஏசாதீர்கள். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டியவர்கள்.

அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்தின் கடற்கரை நகரமான க்டான்ஸ்கில் 1980களில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாச்சே ப்வாஜின்ஸ்கி என்ற இளைஞர் நடத்திய ‘ஷ்வியெட்லிக்’ கூட்டுறவில் வேலை என்ன தெரியுமா? ஆலைப் புகைபோக்கிகளிலும் உயரமான கட்டடங்களிலும் கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிப்பது. சாரம் கட்டி அடித்தால் நாளும் செலவும் இழுக்கும். மலையேறுகிறவர்களின் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினால் சீக்கிரம் முடியும், கூலியும் நன்றாகக் கிடைக்கும். அரசு ஆலைகளே அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தன. கறுப்புப் பட்டியலில் இருந்த பலர் அங்கே தொங்கித்தான் சாப்பிட்டார்கள். வரலாறு படித்த டொனால்ட் டஸ்க்கும் அதில் ஒருவர். பிற்காலத்தில் பிரதமரான அதே டஸ்க்தான். பகலில் புகைபோக்கி, மற்ற நேரத்தில் நண்பர்களோடு தலைமறைவுக் காலாண்டிதழ். தனியார் தொழில், சந்தை, குறைந்த அரசு என்று பேசிய அந்தக் கூட்டம்தான் பின்னால் ‘க்டான்ஸ்க் லிபரல் காங்கிரஸ்’ ஆயிற்று. அவர்களில் இன்னொருவரான யான் கிஷிஸ்டாஃப் பியெலெட்ஸ்கி ஆலோசனைக் கூட்டுறவு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர், 1991 ஜனவரியில் பிரதமராகிவிட்டார்.

நான் ஈரோட்டில் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். மஞ்சப்பை, கல்யாணப் பத்திரிகை, கடைத்திறப்பு நோட்டீஸ். 1959-ல் ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தபோது அப்பா அதன் ஆதரவாளர். பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்ற மூன்று சொற்களைத் திட்டாமல் அவர் காபி குடித்ததில்லை. அந்தப் பழக்கத்தில் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். எங்கள் வாசலில் போலீஸ் நிற்பதில்லை. நிற்கிற ஊர்களில் எப்படி நடத்தினார்கள் என்று வட்டத்துப் பிள்ளைகள் கேட்டதால் இதை எழுதுகிறேன். பதிலுக்குப் போலந்தை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அச்சு வேலையை அவர்கள் அளவுக்கு மதித்தவர்கள் குறைவு.

சரி, அடுத்தது ஆள். வட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: முகம் தெரிகிறவர்கள், கை மட்டும் தெரிகிறவர்கள். 1976 ஜூனில் விலையேற்றத்தை எதிர்த்த தொழிலாளர்களை ரடோமிலும் உர்சுஸிலும் அடித்து வேலையைவிட்டுத் துரத்தினார்கள். அவர்களுக்கு உதவ அந்தச் செப்டம்பரில் தொழிலாளர் பாதுகாப்புக் குழு பிறந்தது. குழுவினர் அறிக்கையின் கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் போட்டார்கள். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் உதவி வேண்டியவன் யாரிடம் போவது என்று ஊருக்கே தெரிந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த யாட்செக் குரோனின் வீட்டுத் தொலைபேசி ஒரு செய்தி நிறுவனம் மாதிரி வேலை செய்தது. எந்த ஊரில் யாரைப் பிடித்தார்கள் என்று அங்கே சொன்னால் விஷயம் வெளிநாட்டு வானொலிக்குப் போய், அதே ஊருக்குத் திரும்பி வந்துவிடும்.

அச்சடிக்கிறவர்கள் விஷயம் நேர் எதிர். அவர்கள் கையெழுத்துப் போடக் கூடாது, கூட்டத்துக்கு வரக் கூடாது, நாலு பேர் முன்னால் அரசியல் பேசக் கூடாது. காகிதம் கொண்டுவருகிறவனுக்கு அச்சடிக்கும் வீடு தெரிய வேண்டாம், அச்சடிக்கிறவனுக்குக் கட்டு எங்கே போகிறது என்பது தெரிய வேண்டாம். தெரியாததை யார் அடித்தாலும் சொல்ல முடியாது. வட்டத்திலேயே நன்றாகப் பேசுகிற ஆள் அச்சு வேலைக்கு ஆசைப்படுவான். விடாதீர்கள்.

கூடும் இடத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், வீடு போதும். 1977-ல் ஆரம்பித்த ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ வீட்டுக் கூடங்களில்தான் நடந்தது. ரஷ்ய ஜார் ஆட்சிக் காலத்தில் வார்சாவில் அதே பெயரில் ஒன்று இருந்தது, பின்னால் மேரி கியூரி ஆன பெண் அதில் படித்தவர். 1979-ல் குரோன் வீட்டு வகுப்புக்குள் அடியாட்களை அனுப்பி அடித்தார்கள். அதனால் ஒரே வீட்டில் தொடர்ந்து கூடாதீர்கள், பெரிய கூட்டமும் சேர்க்காதீர்கள். அப்புறம் கைபேசி. எல்லோரும் ஒரே நேரத்தில் அதை அணைத்துவைத்தால் அதுவே ஒரு தகவல். அவரவர் வீட்டில், சார்ஜ் போட்ட நிலையில் விட்டுவிட்டு வரட்டும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

தட்டச்சும் ஸ்டென்சிலும் இருந்தால் அச்சகம் வேண்டியதில்லை. போலந்துக்காரர்கள் ‘சட்டம்’ என்று சொன்னது நம் ஸ்க்ரீன் பிரேமேதான். மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி, கீழே மெழுகு ஸ்டென்சில். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு ஸ்டென்சிலை ஏற்றி அடிக்க வேண்டும். எழுத்து மெழுகைக் கிழித்துக்கொண்டு இறங்கும். விரல் அழுத்தம் சீராக இருக்கட்டும். ஆங்கிலத்தில் அடித்தால் ‘ஓ’ எழுத்தின் நடுப்பகுதி வட்டமாகக் கழன்று விழுந்துவிடும், அப்புறம் அச்சில் அது கறுப்புப் பொட்டுதான். தப்பாக அடித்த எழுத்தின் மேல் திருத்தும் திரவத்தை ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் மறுபடி அடிக்கலாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

மையில்தான் சூட்சுமம். கடை மை கிடைக்காதபோது, கிடைத்த சாயத்தைத் துணி துவைக்கும் பசையில் குழைத்து அடித்தார்கள். நம் ஊரில் அந்தப் பாடு வேண்டாம். துணிக்கு அடிக்கிற பைண்டர் பேஸ்டில் கறுப்பு பிக்மென்டைக் கலந்தாலே போதும். தயிர்ப் பதம். அதற்கு மேல் இளகினால் காகிதத்தின் மறுபக்கம் ஊறித் தெரியும், இறுகினால் எழுத்தின் மெல்லிய கோடுகள் விழாது. மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில், நடுவில் நிறுத்தாமல் இழுங்கள். முதல் சில தாள்கள் மங்கலாகத்தான் வரும், அப்போது கை பரபரத்து மையை அள்ளி ஊற்றாதீர்கள். ஸ்டென்சில் மையைக் குடித்துத் துணியோடு ஒட்டிக்கொண்டதும் எழுத்து கறுக்கும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேமைத் தூக்கி இழுக்க, மற்றவர் தாளை எடுத்துப் புதுத் தாளை மூலைக்கட்டையில் சரியாக முட்டவைக்க. டீக்கு இடைவேளை கிடையாது. தண்ணீர் மை என்பதால் கொஞ்ச நேரம் விட்டால் துணியின் கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் ஈரத்துணியால் மூடிவையுங்கள். அடித்த தாளை அடுக்காதீர்கள், ஒன்றின் முதுகில் இன்னொன்று பதிந்துவிடும். கயிறு கட்டிக் காயப்போடுங்கள்.

சத்தம் வராது, கரன்ட் வேண்டாம், பிரித்துவைத்தால் நாலு கட்டையும் ஒரு துணியும்தான். அதுதான் இதன் பெருமை. ருமேனியாவில் சௌசெஸ்கு 1983-ல் டைப்ரைட்டர்களையே போலீஸில் பதிவு செய்யச் சொன்னார். இன்றைய கலர் லேசர் பிரின்டர்கள் பலவும் தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் இயந்திர எண்ணையும் தேதியையும் எழுதிவிடுகின்றன. மரச்சட்டத்துக்கு எண் கிடையாது.

போலந்தில் அச்சடிக்க யாராவது வீட்டைச் சில நாளைக்கு இரவல் வாங்கி, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சாப்பாட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வேலை முடிகிறவரை வெளியே வருவதில்லை. போகவரப் போகவரத்தான் பக்கத்து வீட்டுக்காரர் கவனிப்பார். 1981 டிசம்பர் 13 அன்று ராணுவச் சட்டம் வந்த பிறகும், அடுத்த பிப்ரவரியிலேயே வார்சாவில் ‘திகோத்னிக் மஸோவ்ஷே’ வார இதழ் வெளிவந்துவிட்டது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போலீஸ் மீசைக்காரத் தலைவர்களைத் தேடிக்கொண்டிருந்ததில் இவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்தது பணம். இங்கேதான் நம் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இலவசமாகக் கொடுக்காதீர்கள். கொள்கைக்காக நடத்துகிற இதழுக்கு விலையா என்று கேட்பவர்களிடம் ‘நோவா’ பதிப்பகத்தைக் காட்டுங்கள். 1977-ல் ஆரம்பித்தது, அதை நடத்திய மிரோஸ்வாவ் ஹொயெட்ஸ்கி ஒரு வேதியியல்காரர். தணிக்கை அலுவலகத்துக்குத் தெரியாமல் புத்தகம் போட்டார்கள், அந்தப் புத்தகத்தைக் காசுக்கு விற்றார்கள். அச்சடித்தவனுக்குக் கூலி, எழுதியவனுக்குச் சன்மானம். தியாகத்துக்கு எதற்குக் கூலி என்று அங்கேயும் சிலர் முகம் சுளித்தார்கள். நான் கூலியின் பக்கம். தியாகி ஒரு வாரம் வருவான், அடுத்த வாரம் மனம் மாறினால் கேட்க முடியாது. கூலிக்காரனிடம் பக்கம் கோணலாகப் போனால் மறுபடி அடி என்று சொல்லலாம். விலை போட்டால் இன்னொன்றும் தெரியும்: உங்கள் எழுத்தைப் படிக்க யாருக்காவது ஆசை இருக்கிறதா இல்லையா என்பது. இலவசத் தாள் போன வேகத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, வாங்கியவன் பஜ்ஜி மடித்திருப்பான்.

விலை மட்டும் எல்லாச் செலவுக்கும் போதவில்லை என்பதும் உண்மை. பாரிஸில் இருந்தும் ஸ்வீடனில் இருந்தும் இயந்திரங்கள் கடத்தப்பட்டு வந்தன, அமெரிக்கப் பணமும் வந்தது. ஆனால் உள்ளே கணக்கு வைத்திருந்தவர்களிடம்தான் அந்தப் பணம் உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது. நன்கொடை தந்தவர்களுக்கு ரசீது எப்படி? இதழின் ஓரத்தில் புனைபெயரையும் தொகையையும் அச்சிட்டார்கள். கொடுத்தவனுக்குத் தன் பெயர் தெரியும், போலீஸுக்குத் தெரியாது. நடுவில் எவனாவது அமுக்கினால் உடனே வெளிச்சமாகிவிடும். இதைவிட நல்ல ரசீதுப் புத்தகம் நான் பார்த்ததில்லை.

1980களின் கடைசியில் இன்னும் ஒரு படி போனார்கள். தாள்கட்டோடு பிடிபட்டால் காரையே பறிமுதல் செய்யும் வழக்கம் வந்தபோது, தலைமறைவுப் பதிப்பகங்கள் சேர்ந்து காப்பீட்டு நிதி ஒன்றை ஏற்படுத்தின. முன்கூட்டிப் பணம் கட்டிய பதிப்பகத்துக்கு, பறிபோன காருக்கும் கருவிக்கும் நஷ்ட ஈடு. அனுமதி கேட்காமல் ஒரு இன்சூரன்ஸ்! சந்தை பற்றிப் பொருளாதார அறிஞர்கள் ஹாயெக்கும் ஃப்ரீட்மனும் எழுதியதை மொழிபெயர்த்து அச்சடித்துக்கொண்டிருந்தவர்கள், அச்சடிக்கும் இடத்திலேயே ஒரு சந்தையை நடத்திக்கொண்டிருந்தார்கள். உங்கள் வட்டம் சின்னது என்றால், ஒவ்வொரு பிரதியின் விலையிலும் ஒரு சிறு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். பிரேம் போனாலும் மறுவாரம் இதழ் வரும்.

எதை அச்சடிப்பது என்பதில் என் ருசியைச் சொல்லிவிடுகிறேன். ஆட்சியைத் திட்டும் தாள் சீக்கிரம் சலித்துவிடும். கிராகோவில் மிரோஸ்வாவ் ஜியெல்ஸ்கி என்ற தத்துவக்காரர், அரசியல் அதிகாரத்துக்கு மல்லுக்கட்டுவதைவிடத் தொழில் செய்யும் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே வழி என்று தம் தலைமறைவு இதழில் எழுதிவந்தார், நண்பர்களோடு தொழில்துறைச் சங்கமும் நடத்தினார். சாலிடாரிட்டி தொழிற்சங்கக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1988 டிசம்பரில், சரிந்துகொண்டிருந்த அதே கம்யூனிஸ்ட் அரசு, தடை செய்யாத தொழிலை எவரும் செய்யலாம் என்று சட்டம் போட்டது. ஜியெல்ஸ்கி அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். தேசம் முழுவதையும் பேசுவதைவிட, உங்கள் ஊரில் ஒரு இட்லிக் கடை திறக்க எத்தனை மேஜைகளைத் தாண்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். படிக்காதவன்கூட வாங்கிப் படிப்பான்.

உங்கள் நாட்டில் சட்டமும் நீதிமன்றமும் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். நம் எமர்ஜென்சியில், ராஜாஜியின் சகாவான மினூ மசானி தன் ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ இதழுக்காகத் தணிக்கை அதிகாரியை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனார், 1976 பிப்ரவரியில் ஜெயித்தார். வழி இருக்கும்போது மறைந்து திரிவது வீண் செலவு. போலந்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. ஹொயெட்ஸ்கியை 1980-ல் நீதிமன்றத்தில் நிறுத்தியதே கருத்துக்காக அல்ல, அரசின் நகலெடுக்கும் இயந்திரத்தைத் திருடினார் என்ற வழக்கில்.

பிடிபட்டால்? பெயரைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். 1983-ல் போலந்தில் இதற்கென்றே வந்த ஒரு குட்டிக் கையேடு விசாரணையைப் பற்றி விரிவாகவே சொல்கிறது. எதிரே இருப்பவர் சிகரெட் நீட்டிப் பேச்சுக் கொடுப்பார், உங்கள் நண்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பார். வாதாடி ஜெயிக்கலாம் என்று இறங்காதீர்கள், அவருக்கு அது சம்பள நேரம். வீட்டாருக்கு என்ன சொல்வது, வக்கீல் யார், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது யார் என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கலைப்பது. 1989 தேர்தலுக்கு முன் மே 8 அன்று ‘கஸெட்டா விபோர்ச்சா’ நாளிதழ் சட்டப்படி வெளிவந்தபோது, ‘திகோத்னிக் மஸோவ்ஷே’ ஆட்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பல சின்னப் பதிப்பகங்கள் சத்தமில்லாமல் மூடின, கடையிலேயே எல்லாம் கிடைத்தபின் யார் தேடி வருவார்கள்? அந்த நாள் வந்தால் கருவி யாருக்கு, மிச்சப் பணம் யாருக்கு என்பதை ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள். நட்பு முறிவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். எங்கள் வட்டத்தில் பிரேம் எனக்கு, புத்தகங்கள் ஏலத்துக்கு என்று முடிவாகியிருக்கிறது. அகராதி யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் இழுபறி.